பையைப் பறிக்கும் ஐந்தருவிக் குரங்கு... போன் காலில் எரியும் வால்பாறை விளக்கு! - கோளாறு விலங்கிடமா, நம் பொருள்களிலா?

சாரல் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் ஐந்தருவியில் நிற்க இடமில்லாத கூட்டம். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த என் பெரியம்மாவின் கையில் ஒரு கேரிபேக். உள்ளே அரைக் கிலோ ரம்புட்டான்.

விற்ற அக்கா அப்போதே சொல்லியிருந்தார். "யக்கா, கவர வெளிய தெரியுத மாதிரி பிடிக்காதீங்க. சத்தம் கேட்டாலே அதுக வந்துரும்."

"எத்தனை வருஷமா குத்தாலம் வாரேன், எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியம்மா.

பத்தடி நடந்திருப்போம். கடைக் கூரையிலிருந்து ஒரு குரங்கு குதித்தது. ஒரே இழு. பெரியம்மாவின் விரலில் கேரிபேக்கின் காது மட்டும் மிச்சம். தகரக் கூரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ரம்புட்டானாகத் தோலுரித்து, சதையைத் தின்று, கொட்டையை எங்கள் பக்கமாகவே துப்பியது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பையன் தன் சிப்ஸையும் அதற்குத் தூக்கிப் போட்டான். மூன்று பேர் வீடியோ எடுத்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஓரத்தில் இன்னொரு குரங்கு. எதிரே ஒரு குப்பைத்தொட்டி. தள்ளினால் ஆடும் மூடி. அந்தக் குரங்கு மூடியை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உள்ளே துழாவி, பாதி பிரியாணியோடு ஒரு பொட்டலத்தை வெளியே எடுக்கிறது. பொட்டலத்தைப் பிரித்து, சோற்றைத் தின்று, பிளாஸ்டிக்கை விட்டெறிகிறது. அந்த பிளாஸ்டிக் படியோரத் தண்ணீரில் விழுந்து போகிறது.

மனிதன் குப்பையை எளிதாகப் போட வேண்டும் என்று யோசித்து யாரோ அந்த மூடியை வடிவமைத்திருக்கிறார்கள். மனிதக் கை தள்ளினால் திறக்கும் மூடி, குரங்குக் கை தள்ளினாலும் திறக்கும். காட்டின் வாசலில் வைக்கப்போகும் தொட்டிக்கு அந்த யோசனை போதவில்லை.

'குரங்குத் தொல்லை', 'யானை அட்டகாசம்' என்று தினமும் செய்தி படிக்கிறோம். விலங்கைப் பிடி, விரட்டு, வேறு காட்டில் விடு என்பதுதான் வழக்கமான கோரிக்கை. ஆனால், விலங்கை விட்டுவிட்டு, நம் விளக்கை, கயிற்றை, வேலியை, மூடியை மாற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அதில் முக்கியமான ஓர் ஊர், நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

அது யார் வீட்டுக் குரங்கு?

முதலில் ஐந்தருவிக் குரங்குக்கு நியாயம் செய்துவிடுவோம்.

அது நாட்டுக் குரங்கு. தலையில் நடுவகிடு எடுத்துச் சீவியது போல முடி இருக்கும். கோயில், பேருந்து நிலையம், மலைப்பாதை என்று எங்கும் பார்ப்பதால் உலகம் முழுக்க இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில், இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.யு.சி.என் பட்டியலில், 'அழியும் வாய்ப்புள்ள' இனங்களில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது.

குற்றாலத்தில் அது புதிதாக வந்ததும் இல்லை. 18-ம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியிலேயே இந்த மலைக் குரங்குகள் வருகின்றன. அங்கே அவை பழத்தோடு வருகின்றன. இங்கே பிரியாணிப் பொட்டலத்தோடு.

ஏன் காட்டை விட்டு வருகிறது? காட்டுக்குள் ஒரு குரங்கு நாளின் பெரும்பகுதியை இலை, பழம், பூச்சி தேடியே கழிக்க வேண்டும். ஒரு பாக்கெட் சிப்ஸோ, மிச்சச் சோறோ அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். உப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் ஒரே இடத்தில். நமக்கு ஹோட்டல் சாப்பாடு பிடித்துப்போவது போலத்தான்.

நாம் அதைப் பழக்கியது போலவே, அதுவும் நம்மைப் படித்துவைத்திருக்கிறது. பெங்களூருவின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பந்திப்பூரில் இந்த இனக் குரங்குகளைக் கவனித்து 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணவு வைத்திருக்கும் மனிதர்களைப் பார்த்து அந்தக் குரங்குகள் ஒரு தனிக் குரல் கொடுக்கின்றன, கையை நீட்டுகின்றன, தருகிறார்களா என்று பார்த்துக் காத்திருக்கின்றன. நம்மிடம் கேட்பதற்கென்றே ஒரு சைகையை உருவாக்கிக்கொண்டுவிட்டன.

இவ்வளவு படித்த பிராணிக்கு ஆடும் மூடி எம்மாத்திரம்?

தொட்டியிலிருந்து தோப்புக்கு...

குரங்கு பறித்தால் சிரிக்கலாம். இதே மலையடிவாரத்தில் யானை வந்தால் சிரிக்க முடியாது.

குற்றாலத்துக் காடுகள் 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தில் வருகின்றன. தெற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அந்தப் பக்கத்தில் அகத்தியமலை யானைகள் காப்பகம் 1,197 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022-ல் அறிவிக்கப்பட்டது. 2024-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் காட்டு யானைகள் 3,063. செங்கோட்டைப் பக்கம் வடகரை, மேக்கரை என்று அடவிநயினார் அணையைச் சுற்றியுள்ள ஊர்களில், தென்னந்தோப்பிலும் வாழையிலும் நெல்லிலும் யானை புகுந்த செய்தி வராத வருடம் இல்லை. ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னை, ஒரே இரவில் குருத்து பிடுங்கப்பட்டுக் கிடக்கும். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

'யானையைப் பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாமே?' என்றால், அதற்கும் நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. கேரளாவின் சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்து உடைத்தே பெயர் வாங்கியது அரிசிக்கொம்பன். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது கம்பம் நகருக்குள் நடந்து வந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மறுபடியும் ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைப் பகுதிக் காட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு யானையை இடம் மாற்ற இரண்டு மாநிலங்கள் பட்ட பாடு இது.

தமிழ்நாட்டு யானைகளோ மூவாயிரத்துக்கு மேல். எத்தனை லாரி பிடிப்பது?

வால்பாறை: யானை எங்கே என்று ஊருக்கே தெரியும்!

கோவை மாவட்டத்து வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காட்டை வெட்டித் தேயிலை, காபி நட்டார்கள். இடையிடையே துண்டு துண்டாகக் காடு மிஞ்சியது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். பகலில் யானைகள் அந்தத் துண்டுக் காடுகளிலும் ஆற்றோரத்திலும் நிற்கும். இருட்டியதும் தேயிலைத் தோட்டம் வழியாக அடுத்த துண்டுக்கு நகரும்.

தோட்டத் தொழிலாளர்களும் அதே நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள். டவுனில் மளிகை வாங்கி, கடைசி பஸ்ஸில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருட்டில் லயன் வீடுகளுக்கு நடப்பார்கள். திருப்பத்தில் யானை.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பின் ஆய்வாளர் ஆனந்த குமாரும் அவருடைய குழுவினரும் இந்த ஊரில் பல வருடங்கள் யானைகளின் பின்னாலேயே அலைந்தார்கள். மனிதர்கள் எங்கே, எப்போது, எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொரு சம்பவமாக விசாரித்துக் குறித்தார்கள். பெரும்பாலான மரணங்களில் ஒரே காரணம் தெரிந்தது. யானை அங்கே நிற்பது இறந்தவருக்குத் தெரியாது. யானை தேடி வந்து தாக்கவில்லை. இருவரும் எதிர்பாராமல் முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரச்னை இப்படித் தெளிவானதும் தீர்வும் மாறியது. யானையை நகர்த்த வேண்டியதில்லை. அது நிற்கும் செய்தியை நகர்த்தினால் போதும்.

முதலில் உள்ளூர் கேபிள் டி.வி-யைப் பிடித்தார்கள். சீரியல் ஓடும்போது திரையின் அடியில் 'இன்ன எஸ்டேட்டில், இன்ன இடத்தில் யானை நிற்கிறது' என்று எழுத்து ஓடியது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் டி.வி ஓடும் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. செல்போன் பரவிய பிறகு, 2011-லிருந்து எஸ்.எம்.எஸ். யானை நிற்கும் இடத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்குத் தமிழில் செய்தி போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்காகக் குரல் அழைப்பு.

அப்படியும் ஒரு ஓட்டை இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடப்பவர் டி.வி பார்க்க மாட்டார். பையைத் தூக்கிக்கொண்டு குடை பிடித்து நடப்பவர் போனையும் எடுத்துப் பார்க்க மாட்டார். அவருக்காக வந்ததுதான் சிவப்பு விளக்கு.

பலருடைய கண்ணிலும் படுகிற மேடான இடத்தில் ஒரு கம்பம். அதில் சிவப்பு எல்.இ.டி விளக்கு. உள்ளே ஒரு சிம் கார்டு. பக்கத்தில் யானை நிற்பது தெரிந்தால், பதிவு செய்த போன் எண்ணிலிருந்து அந்த சிம்முக்கு ஒரு கால். விளக்கு எரியத் தொடங்கும். தூரத்தில் வரும்போதே தெரியும். சிவப்பு எரிந்தால் அந்த வழியே போகாதே. காத்திரு, அல்லது நாலு பேர் சேர்ந்து வண்டியில் போ. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், ஆப் வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. அந்த விளக்கைப் போடுகிற போன் யாருடையது தெரியுமா? அந்தந்த எஸ்டேட்டில் வசிப்பவர்களுடையது. யானையைப் பார்ப்பதும் அவர்கள், விளக்கைப் போடுவதும் அவர்கள், அதைப் பார்த்து நிற்பதும் அவர்கள். விளக்கு பழுதானால் முதலில் சத்தம் போடுவதும் அவர்கள்தான்.

வால்பாறையில் யானைகளால் ஏற்படும் மரணங்கள் அதன் பிறகு கணிசமாகக் குறைந்தன. இந்தப் பணிக்காக ஆனந்த குமாருக்கு 2015-ல் லண்டனில் விட்லி விருது வழங்கப்பட்டது. யானைகளோ இன்றும் அதே வழியில்தான் நடக்கின்றன.

சாலைக்கு மேலே ஒரு கயிற்றுச் சாலை

அதே வால்பாறையில், டவுனுக்குப் பக்கத்திலேயே புதுத்தோட்டம் என்ற இடம். பொள்ளாச்சியிலிருந்து ஏறி வரும் சாலை அங்கே ஒரு சிறு மழைக்காட்டுத் துண்டை ஒட்டிப் போகிறது. அந்தத் துண்டில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

சோலைமந்தி மரத்தின் பிராணி. கிளை விட்டுக் கிளை தாவியே வாழ்நாளைக் கழிக்கும். ஆனால், சாலைக்காக மரங்களை வெட்டியபோது இரண்டு பக்கத்துக் கிளைகளும் விலகிப்போயின. தாவ முடியாத இடைவெளி. வேறு வழியில்லாமல் தரையில் இறங்கிச் சாலையைக் கடந்தன. அங்கே டூரிஸ்ட் வண்டிகள். குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு கடந்த தாய்கள் அடிபட்டு இறந்தன.

இதற்கு வந்த தீர்வு ஆடம்பரமில்லாதது. தீயணைப்புப் படையினர் பயன்படுத்தும் கான்வாஸ் குழாயை ஏணி போலக் கோத்து, சாலையின் இரண்டு பக்க மரங்களுக்கும் இடையே உயரத்தில் கட்டினார்கள். மழை, வெயில் தாங்கும், பிடிமானம் கிடைக்கும், காற்றில் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. குரங்குகள் முதலில் சந்தேகமாகப் பார்த்தன. பிறகு பழகிக்கொண்டன. கருமந்தியும் மலையணிலும்கூட இப்படிப்பட்ட மரப் பாலங்களைப் பயன்படுத்துகிற விலங்குகள்தான்.

இங்கேயும் பாலத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சாலையில் காவலர்களை நிறுத்தினார்கள். குரங்குக் கூட்டம் கடக்கும் நேரத்தில் வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வதும், உணவு போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதும் அவர்கள் வேலை. டூரிஸ்ட் சிப்ஸ் போட்டால், பாலம் இருந்தாலும் குரங்கு கீழேதான் இறங்கும்.

ஐந்தருவிக்கு வருகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் மலையணிலைப் பார்க்கலாம். அதற்கும் கிளை தொட்டுக் கிளை வேண்டும். ஒரு மரம் வெட்டினால் நமக்கு நிழல் போகிறது. அதற்கு ஒரு சாலையே போகிறது.

தண்டவாளமும் தெர்மல் கேமராவும்

விளக்கு, குழாய் எல்லாம் கைக்கு அடக்கமான செலவு. பணம் கொட்டிச் செய்ய வேண்டிய இடங்களும் உண்டு.

கோவை - பாலக்காடு ரயில் பாதை மதுக்கரை, எட்டிமடை, வாளையார் வழியாகக் காட்டுக்குள் நுழைகிறது. 2021 நவம்பர் 26-ம் தேதி இரவு, நவக்கரை அருகே மங்களூரு - சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் ஒரே நேரத்தில் இறந்தன. தமிழ்நாடே அதிர்ந்தது.

அதன் பிறகு நடந்தவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று, யானைகள் தண்டவாளத்தின் மேலே ஏறாமல் அடியிலேயே கடந்து போகச் சுரங்கப்பாதைகள் கட்டியது. இன்னொன்று, 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் தொடங்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு. சுமார் 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்கள். உடலின் வெப்பத்தை வைத்து இருட்டிலும் யானையை அடையாளம் காணும் தெர்மல் கேமராக்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல், அங்கிருந்து ரயில்வேக்கு, ரயிலின் வேகம் குறையும்.

தொழில்நுட்பம் புதிது. யோசனை வால்பாறை விளக்கின் அதே யோசனைதான். யானை இருப்பது இருட்டில் வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

விலங்கும் படிக்கும்!

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், தோற்ற கதைகளும் நிறைய. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும்.

சுந்தரவனக் காடுகளில் தேன் எடுக்கப் போகிறவர்களை புலி பின்னாலிருந்துதான் தாக்கும். 1980-களில் ஒரு யோசனை வந்தது. தலையின் பின்பக்கத்தில் மனித முக முகமூடி மாட்டிக்கொண்டு போனார்கள். முகம் தன்னையே பார்க்கிறது என்று நினைத்து புலி தயங்கியது. முகமூடி போட்டவர்கள் முதலில் தப்பினார்கள். காலப்போக்கில் அது வெறும் முகமூடி என்பதைப் புலிகள் கண்டுகொண்டன.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் இதே யோசனையை மாடுகளில் செய்து பார்த்தார்கள். மாட்டின் பின்புறத்தில் பெரிய கண்களை வரைந்தார்கள். 2020-ல் வெளியான ஆய்வின்படி, கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ கொல்லவில்லை. எதுவும் வரையாத 835 மாடுகளில் 15 கொல்லப்பட்டன. அசத்தலான முடிவு. ஆனால், சிங்கங்கள் எத்தனை காலத்துக்கு ஏமாறும் என்ற கேள்வியை ஆய்வாளர்களே எழுப்பினார்கள்.

யானையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அகழி வெட்டினால், மண்ணைச் சரித்துப் பாதை போட்டுக்கொள்ளும். இரண்டு மழையில் அகழி தானே தூர்ந்தும் போகும். சோலார் வேலி போட்டால், தந்தத்தில் ஷாக் அடிக்காது என்பதைக் கற்றுக்கொண்டு தந்தத்தால் கம்பியைத் தள்ளும். மரத்தை முறித்து வேலி மேல் சாய்க்கும்.

சோலார் வேலி என்பது விநாடிக்கு ஒரு முறை, மிகக் குறுகிய நேரத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் அமைப்பு. சுரீர் என்று வலிக்கும், கொல்லாது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அந்தச் சக்தியும் இறங்கிவிடும். தினமும் யாராவது நடந்து பார்த்துப் புல்லைச் செதுக்க வேண்டும்.

அந்தப் பொறுமை இல்லாத இடத்தில்தான் கொடுமை நடக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் இறந்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வேலி யானையை மட்டும் கொல்லாது. மாடு, நாய், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்து வயல்காரர் என்று யாரையும் கொல்லும். மின்வேலிகளைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்தது இதனால்தான்.

இலங்கையின் குருநாகல் மாவட்டத்துக் கிராமங்களில் இந்தப் புல் செதுக்கும் சிக்கலுக்கு ஒரு விடை கண்டார்கள். பல கிலோமீட்டருக்குக் காட்டின் எல்லையில் போட்ட அரசு வேலியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால், பாதுகாப்பு மற்றும் ஆய்வு மையம் என்ற அமைப்பு விவசாயிகளோடு சேர்ந்து வேலியை வயலின் எல்லைக்குக் கொண்டுவந்தது. விதைக்கும்போது வேலி போடுவார்கள்; அறுத்ததும் கழற்றிவிடுவார்கள். வேலியை விவசாயிகளே கவனித்தார்கள். தன் வயல் வேலி என்பதால் புல்லைச் செதுக்க யாரும் சொல்லத் தேவையில்லை. அறுவடைக்குப் பிறகு வயலில் மிஞ்சிய தாளை யானை தின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அதே கம்பி, அதே மின்சாரம். இடமும் உரிமையும் மாறின, பலனும் மாறியது. வால்பாறை விளக்கின் ரகசியமும் இதுதான். பொருள் எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும், அதைத் தன்னுடையது என்று நினைக்கிற ஒருவர் உள்ளூரில் இல்லையென்றால், விலங்கு அதைத் தாண்டிப் போய்விடும்.

ஐந்தருவிக்கு என்ன தேவை?

இப்போது அந்த ஆடும் மூடிக்குத் திரும்புவோம்.

வெளிநாடுகளில் கரடி உலவும் காடுகளில் ஒரு தொட்டி உண்டு. கைப்பிடி ஒரு கூட்டுக்குள் மறைந்திருக்கும். மனித விரல் நுழையும். கரடியின் பாதம் நுழையாது. குரங்கிடம் அது செல்லாது. அதற்கும் நம்மைப் போலவே விரல்கள், நம்மைவிட அதிகப் பொறுமை. அதனால், குரங்குக்கான தொட்டிக்கு வேறு கணக்கு வேண்டும். ஒரு கையால் தாழ்ப்பாளை அழுத்தி, மறு கையால் கனமான மூடியைத் தூக்க வேண்டும். விட்டால் மூடி தானாக விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். கவிழ்க்க முடியாதபடி தொட்டி தரையோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். முக்கியமாக, சாயங்காலமே காலியாக வேண்டும். நிரம்பி வழியும் தொட்டிக்கு எந்தப் பூட்டும் உதவாது.

சிங்கப்பூரில் காட்டையொட்டிய பகுதிகளில் குரங்குகள் திறக்க முடியாத தொட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். கூடவே, காட்டு விலங்குக்கு உணவு போட்டால் அபராதம். தொட்டியும் சட்டமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அதே சிங்கப்பூர், 2013-ல் ஒரு விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு மண்ணும் மரமும் நிறைந்த ஒரு பாலத்தையே விலங்குகளுக்காகக் கட்டியது.

'ஒரு குப்பைத்தொட்டிக்கு இவ்வளவு பேச்சா?' என்று தோன்றலாம். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் உடல்நலமில்லாமல் விழுந்த பெண் யானையை நினைத்துப் பாருங்கள். குட்டி பக்கத்தில் நின்று தூக்கிவிடப் பார்த்தது. சிகிச்சை பலனளிக்காமல் யானை இறந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு இருந்தது. ஒரு கருவும் இருந்தது. காட்டோரம் நாம் வீசும் கவர் அருவித் தண்ணீரோடு மறைந்துபோவதில்லை. எங்கோ ஒரு வயிற்றுக்குப் போகிறது.

ஐந்தருவியின் கடைக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட அனுபவசாலிகள். பழத்தின் மேல் வலை போட்டிருக்கிறார்கள். எந்தக் கூரையிலிருந்து குதிக்கும், எந்த நேரம் வரும், எந்தச் சத்தத்துக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தொட்டி வாங்க டெண்டர் விடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசினாலே பாதி வடிவமைப்பு முடிந்துவிடும். வடகரை தோப்புக்காரர்களிடம் பேசினால், சிவப்பு விளக்குக் கம்பம் எங்கே நட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அதுவரை, அடுத்த சீசனுக்குப் போகும் நாம் செய்யக்கூடியவை கொஞ்சம் உண்டு:

* கேரிபேக் வேண்டாம். ஜிப் வைத்த துணிப்பையில் பழத்தை வையுங்கள். குரங்குக்குச் சத்தமும் பார்வையும்தான் அழைப்பிதழ்.
* குரங்குக்கு எதையும் போடாதீர்கள். இன்று உங்கள் பையன் போடும் சிப்ஸ், நாளை இன்னொரு குழந்தையின் கையிலிருந்து பறிக்கப்படும்.
* குரங்கு பையைப் பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள், விட்டுவிடுங்கள். கடிபட்டால் காயத்தை உடனே சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.
* முறைத்துப் பார்ப்பது குரங்கின் மொழியில் சண்டைக்கு இழுப்பது போன்றது. செல்ஃபிக்கு இது பொருந்தும்.
* மிச்சச் சாப்பாட்டை வண்டியிலேயே வைத்து ஊருக்குக் கொண்டுபோங்கள். கொஞ்சம் வாடை அடிக்கும். பரவாயில்லை.

சென்ற முறை போனபோது பெரியம்மா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுவந்திருந்தார். பழக்கடையில் ரம்புட்டானை நேராக அதற்குள் கொட்டச் சொல்லி, மூடியை அழுத்தி, கொக்கியை மாட்டினார். கடைக்கார அக்கா சிரித்தார்.

கூரையில் அதே குரங்கா, அதன் தங்கச்சியா தெரியாது, ஒன்று உட்கார்ந்திருந்தது. தூக்குவாளியைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எழுந்து மரத்துக்குத் தாவிப் போனது.